ஐம்பது அங்குலம்

வெர்மான்ட். ஏப்ரல் முடியப்போகிறது.
பனி போன பாதையில்
சேறு செருப்பைப் பிடுங்கிக்கொண்டு
காலை மட்டும் திருப்பித் தருகிறது.
ஆரின் டாட்ரோவின் சமையலறை மேசையில்
இரண்டு வண்டிகளின் விலைத்தாள்கள்:
உப்புக் குடுவையின் அடியில் ஒன்று,
அவர் முழங்கையின் அடியில் ஒன்று.

முழங்கையின் அடியில் இருப்பது அகலம்.
அறுபது அங்குலம், டீசல்,
நீள இருக்கையில் மூன்று பேர்.
கைப்பிடியை இழுத்தால் பின்தட்டு
விறகைத் தானே கொட்டிவிடும்.
முன் கண்ணாடி இலவசம் என்று
கடைக்காரி டெல்ஃபின் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள்.

உப்பின் அடியில் இருப்பது ஒடுக்கம்.
ஐம்பதே அங்குலம், பெட்ரோல்,
கிண்ணம் போல் இரண்டு இருக்கைகள்.
கண்ணாடிக்குத் தனிக் காசு.

"ஒடுங்கியது சரிவில் கவிழும்" என்றார் ஆரின்.
"அகன்றது பாறை இடுக்கில் நுழையாது" என்றார் கோரா.
முப்பத்தொன்பது வருட மணவாழ்வில்
இருவர் சொன்னதும் ஒரே நேரத்தில் சரியாக இருப்பது
இது இரண்டாம் தடவை.
முதல் தடவையைப் பற்றி
அவர்கள் பேசுவதில்லை.

அகலமும் அகல்வதும்
தமிழில் ஒரே வேர்.
அது அவர்களுக்குத் தெரியாது.
ஆனால் நீள இருக்கையின் படத்தில்
ஓட்டுபவனுக்கும் பக்கத்தில் இருப்பவளுக்கும் நடுவே
எவ்வளவு வெற்றிடம் என்று
கோரா விரல் வைத்துப் பார்த்தார்.

"நடுவில் நாய் உட்காரும்" என்றார் ஆரின்.

மறுநாள் அளவு நாடாவோடு மலையேறினார்கள்.
நவம்பரில் மாற்றிய இடுப்பு மூட்டோடு
ஆரின் ஏற ஒரு மணி நேரம்.
அதற்காகத்தானே வண்டி
என்று யாரும் சொல்லவில்லை.

மேல் தோப்புக்கு ஒரே வாசல்:
இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் மேப்பிள் மரம்.
மரத்தில் இரண்டு துளை, நீலக் குழாய்,
இந்த வருடத்துக் கடைசிச் சொட்டு
இன்னும் விழலாமா என்று யோசித்தபடி.
நாடா சொன்னது: ஐம்பத்து நான்கரை.

ஆரின் மரத்தை மேலும் கீழும் பார்த்தார்,
முடிவெட்டுபவர் தலையைப் பார்ப்பதுபோல.
"பத்து நிமிட வேலை."
கோரா பதில் சொல்லாமல்
நாடாவை மரத்தைச் சுற்றிக் கட்டினார்.

"பாறை அப்படியேதான் இருக்கும்.
இது பருத்துக்கொண்டே வருகிறது.
வருடத்துக்குப் பத்தில் ஒரு அங்குலம் என்று வை,
ஒடுங்கிய வண்டிக்கும் இந்த வாசல்
நாற்பத்தைந்து வருடத்தில் அடைபடும்."

"வண்டிக்கு உத்தரவாதம்
இரண்டு வருடம்" என்றார் ஆரின்.

கோரா சிரித்ததில் நாய் திரும்பிப் பார்த்தது.
எதையும் அளக்காமல் அது அந்த இடுக்கில்
இதுவரை ஆறு முறை போய் வந்திருந்தது.

சனிக்கிழமை கடையில்
அகன்ற வண்டியின் படி உயரம்.
ஆரின் தன் இடது தொடையை
இரண்டு கையாலும் தூக்கினார்,
வேறு யாருடையதோ போல.
டெல்ஃபின் ஜன்னல் பக்கம் திரும்பி
மழை வருமா என்று பார்த்தாள்.
ஒடுங்கியதில் கால் தானாகவே ஏறியது.
கதவைச் சாத்தினார்கள்.
முழங்கைகள் இடித்தன.

"இடிக்கிறது" என்றார் ஆரின்.
"இடிக்கட்டும்" என்றார் கோரா.
சாவி அவரிடம் இருந்தது.

நாயைப் பின்தட்டில் ஏற்றிப் பார்த்தார்கள்.
குதித்து இறங்கியது.
மறுபடி ஏற்றினார்கள்.
மறுபடி இறங்கி, சுற்றி வந்து,
ஆரினின் மடியில் முப்பது கிலோவாக அமர்ந்து
சாலையைப் பார்த்தது.

கையெழுத்திடும் நேரத்தில் டெல்ஃபின் கேட்டாள்:
சேற்றில் புதைந்தால் இழுக்க
முன்னால் ஒரு வின்ச்?
அதற்கும் தனிக் காசு.

"வேண்டாம்" என்றார் ஒருவர்.
"வேண்டும்" என்றார் மற்றவர்.
டெல்ஃபின் பேனாவை மூடிவிட்டு
காபி போடப் போனாள்.